குவீனுக்கு ஒரு லினோ அச்சு: நான்கு பேரை ஒரு கட்டத்துக்குள் கொண்டுவரும் வேலை

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான குவீனுக்காக ரசிகர்கள் வரையும் படங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஆள், ஒரே நிலைதான். மஞ்சள் சட்டை, பின்னால் சாய்ந்த உடம்பு, மேலே உயர்ந்த முஷ்டி, கையில் பாதி மைக் ஸ்டாண்ட். 1986 ஜூலையில் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் இரண்டு இரவுகள் நடந்த கச்சேரியின் ஃப்ரெட்டி மெர்க்குரி அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கண், மூக்கு எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பு நிழலாக வரைந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிற உருவம் ராக் இசையில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ ஏரிக்கரையில் 1996-இல் திறந்த இரேனா செட்லெட்ஸ்காவின் வெண்கலச் சிலைகூட முஷ்டியை உயர்த்திக்கொண்டுதான் நிற்கிறது.

ஆனால் குவீன் என்றால் நான்கு பேர். பாடகர் ஃப்ரெட்டி, கிட்டாரில் பிரையன் மே, டிரம்மில் ரோஜர் டெய்லர், பாஸ் கிட்டாரில் ஜான் டீக்கன். நால்வருமே பாட்டு எழுதியவர்கள், அதுவும் உலகமே சேர்ந்து பாடுகிற மாதிரிப் பாட்டுகளை. அதனால் இந்த முறை லினோகட்டில், அதாவது லினோலியம் தகட்டைச் செதுக்கி மை தடவித் தாளில் அழுத்தும் முறையில், ஒரு அச்சுப்படம் செய்வது, அதில் நால்வருக்கும் சமமாக இடம் கொடுப்பது என்று தொடங்கினேன்.

முதலில் முகங்களைத்தான் முயன்றேன். லினோவில் பென்சிலைப் போல மெல்ல நிழல் தட்ட முடியாது. செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, நடுவில் ஒன்றும் கிடையாது. எனவே முக ஒற்றுமை முழுக்க நிழல் விழும் வடிவத்தில்தான் இருக்கிறது. பிரையன் சுலபம், அந்தச் சுருள்முடி மேகத்தை மட்டும் செதுக்கினாலே பாதி வேலை முடிந்தது. ரோஜருடையது மென்மையான முகம், கோடு கொஞ்சம் தடித்தாலும் வேறு யாரோ ஆகிவிடுகிறார். ஃப்ரெட்டியை வரைகிறவர்கள் பலர் மீசையை நம்புகிறார்கள். அந்த மீசை வந்ததே 1980 வாக்கில்தான், எழுபதுகளின் ஃப்ரெட்டியை வரைய அது உதவாது. உண்மையில் அந்த முகத்தின் சாவி வாயில் இருக்கிறது. பற்கள் கொஞ்சம் முன்துருத்தியிருக்கும். அதை மறைக்க மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த இழுப்பு சரியாக வந்தால் மீசை இல்லாமலும் அவர்தான்.

ஜான்தான் சிக்கல். சில வருடத்துக்கு ஒருமுறை தலைமுடி மாறியது, மேடையிலும் ஒதுங்கியே நின்றார். அடையாளமாகப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

முகங்களுக்கு ஒரு மாதிரியாக, 1974-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் அட்டையை எடுத்துப் பயிற்சி செய்தேன். மிக் ராக் எடுத்த புகைப்படம். இருட்டில் வைர வடிவில் நான்கு முகங்கள், மேலிருந்து விழும் வெளிச்சம், மார்பில் குறுக்கே மடித்த ஃப்ரெட்டியின் கைகள். நடிகை மார்லின் டீட்ரிச்சின் பழைய படம் ஒன்றைப் பார்த்து அமைத்த வெளிச்சம் அது. லினோவுக்கென்றே எடுத்தது போல இருக்கும்; கண்குழி, கன்னத்தின் அடி எல்லாம் தானாகவே கறுப்புத் திட்டுகளாகப் பிரிந்துவிடுகின்றன. படிக்க அருமையான படம். ஆனால் அதை அப்படியே செதுக்கினால் பெருமை மிக் ராக்கின் கண்ணுக்குத்தான் போகும், எனக்கு மிஞ்சுவது கைவேலை மட்டும். தவிர, இந்த வைர அமைப்பை ரசிகர்கள் இவ்வளவு காலமாக மறுபடி மறுபடி வரைந்து தேய்த்துவிட்டார்கள். 1975-இல் குழுவே தன் 'போஹீமியன் ராப்சடி' பாட்டின் காணொளியில் அதை மறுபடி எடுத்துக்கொண்டது. பயிற்சித் தாள்களோடு அதை நிறுத்திவிட்டேன்.

வழி கிடைத்தது ஃப்ரெட்டியிடமிருந்தே. அவர் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தவர். 1973-இல் முதல் ஆல்பம் வருவதற்கு முன்பு குழுவின் முத்திரையை அவரேதான் வரைந்தார். அதில் ஒருவர் முகமும் இல்லை. நால்வரின் ராசிகள்தான் இருக்கின்றன (மேல்நாட்டுக் கணக்குப்படி). ரோஜருக்கும் ஜானுக்கும் இரண்டு சிங்கங்கள், பிரையனுக்கு ஒரு நண்டு, கன்னி ராசிக்காரரான தனக்கு இரண்டு தேவதைகள். நடுவில் குழுவின் முதலெழுத்தான கியூ (Q), அதற்குள் கிரீடம், எல்லாவற்றுக்கும் மேலே சிறகு விரித்த ஃபீனிக்ஸ் பறவை. கொஞ்சம் ஆடம்பரம்தான், அவருடைய சட்டைகளைப் போலவே. ஆனால் பாடகர் தன்னைப் பெரிதாக வரைந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். கன்னிக்கு ஒரு தேவதை போதாதா என்று கேட்கலாம்தான், சரி, அது அவர் இஷ்டம்.

அந்த முத்திரையை நகல் எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அது குழுவின் வணிகச் சின்னம், ரசிகர் படம் என்ற பெயரில் அதைத் தூக்கி ஒட்டிக்கொள்வது சோம்பல் என்பது என் கட்சி. அதன் தர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஆளுக்கு ஒரு சின்னம், எல்லாம் சேர்ந்து ஒரு எழுத்து. ராசிக்குப் பதிலாகக் கருவிகள்.

ஃப்ரெட்டிக்கு மைக் ஸ்டாண்ட், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் ஸ்டாண்ட் பாதியில் கழன்று வந்துவிட, மேல்பாதியோடு ஆடித் தீர்த்தவர் பிறகு அதையே வைத்துக்கொண்டார். அந்தக் கம்பு அவர் கையில் என்னவெல்லாம் ஆகிறது என்று பிடிக்க, 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியில் குவீன் வாசித்த சுமார் 21 நிமிடத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, கரித்துண்டால் வேகக் கோடுகள் போட்டேன். கிட்டார் ஆகிறது, செங்கோல் ஆகிறது, சில நேரம் ஈட்டி. நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தால் இந்த ஓட்டம் வராது. வரைய விரும்புகிறவர்களுக்கு நான் தரும் ஒரே கட்டாய வீட்டுப்பாடம் இதுதான்.

பிரையனுக்கு ரெட் ஸ்பெஷல். 1963-இல் தொடங்கி அவரும் அப்பாவும் வீட்டிலேயே செய்த கிட்டார். கழுத்து பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மஹோகனி மரம், பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்திருக்கிறார்கள். அதிர்வுக் கைப்பிடியின் நுனி அம்மாவின் பின்னல் ஊசி, உள்ளே மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். இதை வரையும்போது கவனம் வேண்டும், ரசிகர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் 24. 7, 19-ஆம் இடங்களில் இரண்டிரண்டு புள்ளிகள், 12, 24-இல் மும்மூன்று. இந்தப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டாக ஆறு சின்ன ஸ்விட்சுகள். தந்திகளை மீட்டுவதும் பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால்தான். இவ்வளவு கதை உள்ள ஒரு பொருள் இருக்கும்போது முகம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் பட்டது.

ரோஜருக்கு டிரம், முன்பக்கம் தெரியும் பெரிய பாஸ் டிரம். அதன் வட்டம்தான் படத்தையே தீர்மானித்தது. வட்டத்தின் கீழ் வலப்பக்கம் ஒரு டிரம் குச்சியைச் சாய்த்து வைத்தால் கியூ வந்துவிட்டது! வட்டத்துக்குள் குறுக்கே கிட்டார், மேலே வட்டத்தைத் தாண்டி நிமிரும் மைக்.

ஜானுக்கு பாஸ் கிட்டார் வரைந்து பார்த்தேன். இரண்டு கிட்டார் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கடைப்பலகை மாதிரி இருந்தது. இசைக்குழுவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த நண்பன் எட்டிப் பார்த்து, "ஏன்டா, டீக்கியோட பெட்டியை விட்டுட்டியே" என்றான்.

டீக்கி என்பது ஜான் டீக்கனின் செல்லப்பெயர், அந்தப் பெட்டி டீக்கி ஆம்ப். மின்னணுவியல் பட்டதாரியான ஜான், 1970-களின் தொடக்கத்தில் தெருவோரக் குப்பைத் தொட்டியில் கிடைத்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்து, அலமாரியில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்திச் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகுகூடக் கிடையாது. பிரையன் தன் கிட்டாரை இதில் செருகித்தான் வயலினும் குழலும் சேர்ந்து ஒலிப்பது போன்ற அந்த அடுக்கடுக்கான கிட்டார் ஒலிகளைப் பதிவு செய்தார். படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வட்டத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி, கிட்டாரிலிருந்து அதற்கு வளைந்து இறங்கும் ஒரு வயர். ஒதுங்கி நிற்கிறவர் ஒதுங்கியே நிற்கட்டும், ஆனால் சத்தம் அவர் வழியாகத்தான் போகிறது.

இனி கைவேலை. லினோவில் மெல்லிய வெள்ளைக் கோடு சுலபம், 'வி' உளியை ஒருமுறை ஓட்டினால் போதும். மெல்லிய கறுப்புக் கோடு வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் செதுக்கி நடுவில் ஒரு வரப்பை விட வேண்டும், கொஞ்சம் பிசகினால் வரப்பு பிய்ந்துவிடும். அதனால் கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடுகளாகவே எல்லாவற்றையும் திட்டமிட்டேன். தந்திகள், ஃப்ரெட்டுகள், ஆம்பின் துணி வலை எல்லாம் அப்படித்தான்.

அச்சில் இடம் வலம் மாறும் என்பது தெரிந்ததே. எழுத்து திரும்பும், கிட்டார் இடக்கைக்காரருடையது ஆகிவிடும். மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து, அதை லினோ மேல் குப்புறப் போட்டுத் தேய்த்தால் லினோ கட்டையில் இடம் வலம் மாறி இறங்கி, அச்சில் நேராக வந்துவிடும். லினோ கெட்டியாக இருந்தால் செதுக்கும் முன் கொஞ்சம் சூடு காட்டுவது நல்லது, உளி வழுக்காமல் போகும். பிடிக்கும் கை எப்போதும் உளியின் பின்னால் இருக்கட்டும்.

நிறம் மூன்று: கறுப்பு, மஞ்சள், சிவப்பு. மஞ்சள் வெம்ப்ளி சட்டைக்காக. டயானா மோஸ்லி வடிவமைத்த அந்தச் சட்டையைப் படத்தில் வரையவில்லை என்றாலும் பின்புலமாக அதன் நிறம் இருக்கட்டும் என்று வைத்தேன். மஞ்சளைத் தனிக் கட்டையில் முதலில் அச்சிட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சளுக்கு மேல் சிவப்பு விழுந்தால் ஆரஞ்சு பக்கம் சாய்ந்துவிடும், ரெட் ஸ்பெஷலோ மரப்பழுப்பு கலந்த ஆழ்ந்த சிவப்பு. எனவே மஞ்சள் கட்டையில் கிட்டார் வடிவத்தை முழுசாகச் செதுக்கி எடுத்துவிட்டேன், அங்கே வெறும் தாள்தான். முதன்மைக் கட்டையில் கிட்டாரைக் கூரிய கத்தியால் தனித் துண்டாக அறுத்தெடுத்து, அதற்குச் சிவப்பு மை, மீதிக்குக் கறுப்பு மை தடவி, மறுபடி பொருத்தி ஒரே அழுத்தலில் அச்சிட்டேன். சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு விழுகிறது. அது கிட்டாரை எடுப்பாகக் காட்டுவதால் அப்படியே விட்டுவிட்டேன்.

எண்ணெய் மை காய நாளாகும், ஆனால் உருளையில் சீராகப் பரவும். தண்ணீர் மையோ, பெட்டியின் வலை போன்ற நுண்கோடுகள் முடிவதற்குள் ஒட்டத் தொடங்கிவிடுகிறது. அச்சு இயந்திரம் இல்லாமல் கையால் தேய்ப்பதற்கு மெல்லிய தாளும் ஒரு மரக்கரண்டியும் போதும். கறுப்பு அதிகமான படம் என்பதால் வட்டத்தின் ஓரங்களை இரண்டு மடங்கு தேய்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது சோதனை அச்சுகள் கயிற்றில் காய்கின்றன. மைக்கும் டிரம்மும் திருப்தி. 12-ஆம் ஃப்ரெட்டின் மூன்று புள்ளிகள் தெளிவாக விழுகின்றன, ஆறு ஸ்விட்சுகள் இந்த அளவில் ஒரே கோடாகச் சேர்ந்துவிடுகின்றன. அடுத்த கட்டையைப் பெரிதாக வெட்டப் போகிறேன், ஆறு பென்ஸ் நாணயத்துக்கும் அதில் இடம் கிடைக்கும். விற்கும் எண்ணம் இல்லை, கேட்கும் நண்பர்களுக்குத்தான். பார்த்தவர்களில் குவீனை அதிகம் கேட்காத ஒருவர் அடியிலிருக்கும் பெட்டியைக் காட்டி "இது என்ன, ரேடியோவா?" என்றார். ஒருவகையில் சரிதான், ஜானுக்குக் குப்பையில் கிடைத்த அந்தப் பலகை ஒரு கையடக்க ரேடியோவுடையது. பெரிய கட்டையில் பெட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பி, பேட்டரி வயரும் தெரிகிற மாதிரி வரைந்துகொண்டிருக்கிறேன்.