பாதியில் நின்ற ரோபோ

கல்லூரிப் பட்டறையில் பயிற்றுநராக இருக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு ரோபோ அணி என் மேசைக்கு வந்து சேரும். "விடிய விடிய உட்கார்ந்து வேலை பார்த்தோம் சார்" என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. தூக்கம் கெட்ட கை பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றான மோட்டார் டிரைவரைப் புகைய வைக்கும். மறுநாள் முழுக்க அதற்கே போய்விடும். விடாமுயற்சி வேறு மாதிரி இருக்கும். அதை ஒரு அணியிடம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவர்களுடைய ரோபோ தரையிலுள்ள கோட்டைப் பிடித்துப் போக வேண்டும், கட்டைகளை எடுக்க வேண்டும், உயரமான மேடையில் வைக்க வேண்டும். எல்லாம் செய்தது. ஆனால் சில சமயம் கட்டையைத் தூக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு முதலிலிருந்து வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அப்படி நின்றிருந்தால் ஒரே மாலையில் கண்டுபிடித்திருக்கலாம். எப்போதாவது வரும் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். ஏதாவது ஒரு வயரைத் தொடுவார்கள், அந்த ஓட்டம் நன்றாகப் போகும், "சரியாயிடுச்சு சார்" என்று கைதட்டுவார்கள். மறுநாள் பழைய கதை.

பழி புரோகிராம் எழுதிய பெண்மேல் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலை செய்பவர்மேல்தான் எந்த அணியிலும் முதல் சந்தேகம் விழும். அவள் வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. பிறகு லேப்டாப்பை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ரோபோ கூடவே நடந்தபடி, எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். கேபிள் இருந்தவரை அது ஒருமுறைகூட நிற்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவள் மட்டும், "கேபிள்ல கரண்ட்டும் வருதுல்ல சார்?" என்றாள்.

கேபிளைக் கழற்றினாள். ரோபோவின் மூளையான கன்ட்ரோல் போர்டு உயிர் பெறும் ஒவ்வொரு முறையும் ஒரு பஸ்ஸர் ஒலிக்கும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். நடு ஓட்டத்தில் பஸ்ஸர் கத்தியது. போர்டு தானாக ரீசெட் ஆகி, அதாவது அணைந்து மறுபடி தொடங்கி, கொண்டிருந்தது.

நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார், சுமையில்லாமல் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சக்கர மோட்டார்களும் கையைத் தூக்கும் மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரியும். 5 வோல்ட்டில் இயங்கும் போர்டு அதைத் தாங்காது. மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். ஓட ஓட 11 பக்கம் இறங்கும். காலையில் ஒழுங்காக ஓடியது மாலையில் மக்கர் செய்ததற்கு அதுதான் காரணம். மில்லி செகண்டில் வந்து போகும் இந்தச் சரிவு மல்டிமீட்டரில் தெரியாது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

தீர்வு புத்தகத்தில் இருப்பதுதான். போர்டுக்கு மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் தனி ரெகுலேட்டர், தடித்த வயர், மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக, மெல்ல வேகமெடுக்க வைப்பது. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. வயரிங் செய்த பையன் அதை அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தான், போட்டோ எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கட்டரை எடுத்து வயர்களைக் கட்டியிருந்த டேக் எல்லாவற்றையும் அவனே வெட்டினான். நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் அதற்குத்தான் போடுவேன்.

அதன்பின் அவர்கள் செய்த வேலை பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், முடிவு நோட்டில். வேண்டுமென்றே பாதி தீர்ந்த பேட்டரியைப் போட்டு, அதைத் தோற்க வைக்கப் பார்த்தார்கள். ஓடும் இயந்திரத்தை மறுபடி சந்தேகிக்க நிறையப் பொறுமை வேண்டும்.

பள்ளி மாணவர்களுக்காக 1992இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் பல ஆண்டுகள் ஒரு விதி இருந்தது: சுமார் ஆறு வாரக் கட்டுமானக் காலம் முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டு முத்திரையிட வேண்டும். 2020 முதல் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பையைப் பிடிக்கும். இந்த அணியும் கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்தது. "இன்னும் ஒரு சென்சார் மட்டும்" என்று கெஞ்சியவனை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

போட்டியில் ரோபோ ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை. சக்கரத்தை அச்சில் பிடித்திருந்த கிரப் ஸ்க்ரூ கழன்று, சக்கரம் வழுக்கி, காலிறுதியில் தோற்றார்கள். அதுவும் நோட்டில் ஏறியது.

அடுத்த ஆண்டு அணி அந்த நோட்டைப் பாதி படித்தது. கிரப் ஸ்க்ரூவுக்குப் பசை போட்டார்கள். மோட்டார், போர்டு எல்லாவற்றையும் ஒரே சப்ளையில் இணைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்கள்: "புரோகிராம்லதான் ஏதோ பிரச்சனை சார்."