நோட்பேடில் ஒட்டிப் பார்த்த ரெஸ்யூமே

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் என் அக்கா மகள், கோயம்புத்தூரில் வேறு வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கத் தொடங்கி இரண்டு மாதமாகியும் ஓர் அழைப்புகூட வரவில்லை என்று சொல்லித் தன் ரெஸ்யூமேவை எனக்கு அனுப்பினாள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. இடப்பக்கம் நீலப் பட்டையில் புகைப்படமும் தொலைபேசி எண்ணும், வலப்பக்கம் பணி அனுபவம், ஒவ்வொரு திறமைக்கும் நேரே நட்சத்திரங்கள். கணக்கு மென்பொருளான டேலிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் யார் கொடுத்தது என்று கேட்டேன். "நான்தான் மாமா" என்றாள்.

நௌக்ரி போன்ற வேலை தேடும் தளங்களிலும் பெரிய நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் நாம் ஏற்றும் கோப்பை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். அது எழுத்துகளை மட்டும் உருவி எடுத்து, பெயர், கல்வி, நிறுவனம், பணிக்காலம் என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. ஆள் எடுப்பவர்கள் அந்தக் குவியலில் தங்களுக்கு வேண்டிய சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள். எந்திரமே நம்மை நிராகரித்துவிடுகிறது என்று பலரும் புலம்புவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரும்பாலும் நடப்பது, அவர்கள் தேடும்போது நாம் அகப்படாமல் போவதுதான்.

அவளுடைய பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடில் ஒட்டச் சொன்னேன். தொலைபேசி எண்ணைக் காணவில்லை. நீலப் பட்டை முழுவதும் ஒரே படமாக இருந்திருக்கிறது. நட்சத்திரங்கள் வெற்றுக் கட்டங்களாக வந்தன. பணியில் சேர்ந்த ஆண்டுக்குப் பக்கத்தில் பிளஸ் டூ மதிப்பெண் வந்து உட்கார்ந்திருந்தது. தாளில் அச்சடித்து ஸ்கேன் செய்த கோப்பாக இருந்திருந்தால் இதுகூட வந்திருக்காது. அன்றிரவே வார்ப்புருவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இடம், வலம் என்று பிரிக்காமல், சாதாரண எழுத்துருவில், அட்டவணையோ படமோ இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக அடித்தோம்.

வடிவம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு நாளை விழுங்கியது உள்ளடக்கம். "கணக்குப் பணிகள் அனைத்தையும் கவனித்து வருகிறேன்" என்று ஒரே வரியில் நான்கு ஆண்டுகளை முடித்திருந்தாள். உட்கார வைத்து, மாதத்தின் முதல் தேதியிலிருந்து என்னென்ன செய்வாய் என்று கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது: 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு முடிக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி, சரக்கு கிளம்பும்போது அதனுடன் போகும் இ-வே பில், சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி திரும்பி வந்ததா என்று சலான்களைச் சரிபார்த்து ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம், மாதக் கடைசியில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. இவை ஒவ்வொன்றும் ஒருவர் தேடக்கூடிய சொல். ஒன்றுகூட அவள் தாளில் இல்லை. விளம்பரங்களில் டேலி பிரைம் என்று கேட்டிருந்தார்கள். 2020இல் வந்த அந்தப் பதிப்பில்தான் அவள் தினமும் வேலை செய்கிறாள், ஆனால் வெறுமனே டேலி என்று எழுதியிருந்தாள். செய்த வேலையை விளம்பரத்தின் சொல்லாலேயே எழுதுவதில் தவறில்லை. செய்யாததை வெள்ளை எழுத்தில் ஒளித்துச் சேர்க்கச் சொல்லும் தந்திரக்காரர்களும் இருக்கிறார்கள். நோட்பேடில் ஒட்டினால் அதுவும் பல்லிளிக்கும்.

பெயரில் ஒரு சிக்கல், நம்மவர்களுக்கே உரியது. படிவம் கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது. நம்மிடம் இருப்பதோ ஓர் இனிஷியல். அவள் ஒரு தளத்தில் இனிஷியலையும், இன்னொன்றில் அப்பா பெயரையும், மூன்றாவதில் தன் பெயரையே இரண்டு முறையும் போட்டிருந்தாள். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாகவே இருப்பதால், பின்னால் சான்று சரிபார்க்கும்போது இடிக்காமலிருக்க, எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொண்டோம்.

அப்பா பெயர், மதம், திருமண நிலை ஆகியவற்றைத் தனிவிவரப் பகுதியிலிருந்து எடுத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்ற கடைசி வரியை நீக்கியபோதுதான் அவளுடைய அப்பா, கையெழுத்தில்லாத விண்ணப்பத்தை எவன் மதிப்பான் என்று கோபித்துக்கொண்டார். அரசு வேலைப் படிவங்களில் பழகியவரின் நியாயம் அது. தனியார் வேலைக்கு அப்படி மிச்சமான இடம் ஐடிசி-04க்கு உதவியது.

கோப்பின் பெயர் "நியூ ஃபைனல் 3" என்றிருந்ததை அவள் பெயராகவும் பணியாகவும் மாற்றி ஏற்றினோம். ஏற்றிய பிறகும் படிவம் தானாக நிரப்பிக் காட்டியதை வரிவரியாகப் படித்தோம். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "கணக்கு உதவியாளர்" என்றும், பதவியின் இடத்தில் நிறுவனத்தின் பெயரும் இருந்தன. இரண்டையும் இடம் மாற்றிவிட்டுத்தான் சமர்ப்பித்தாள்.