வாசமில்லாத எலுமிச்சை

எலுமிச்சை ஜாதியில் எந்தச் செடி கண்ணில் பட்டாலும் என் கை சும்மா இருக்காது, ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோய்விடும். ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸ் நகரத்துப் பக்கம் ஒரு நர்சரியில் 'சிட்ரஸ் இனோடோரா' என்று அட்டை தொங்கிய தொட்டியிலும் அதைத்தான் செய்தேன். இனோடோரா என்றால் லத்தீனில் மணமற்றது. ஆனால் விரலில் எலுமிச்சை வாசம் நன்றாகவே ஒட்டியிருந்தது! அப்புறம்தான் புரிந்தது, பெயர் வைத்தவர் மணமில்லை என்று சொன்னது பூவுக்கு.

இங்கே ரஸ்ஸல் ரிவர் லைம் என்பார்கள். வடகிழக்குக் குயின்ஸ்லாந்தில் பெல்லண்டன் கெர் மலையைச் சுற்றிய தாழ்நில மழைக்காட்டு மரம். அந்தப் பக்கத்து பபிண்டா ஊரில் ஆண்டுக்கு 4000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும். 1889-இல் அரசு அனுப்பிய ஆய்வுக்குழுவோடு அந்த மலைக்குப் போன தாவரவியலாளர் பெய்லி வைத்த பெயர்தான் இது. 1915-இல் ஸ்விங்கிள் என்ற இன்னொரு தாவரவியலாளர் இதைத் தனியே பிரித்து 'மைக்ரோசிட்ரஸ்' என்ற பேரினத்தில் போட்டார், 1998-இல் மாபர்லி என்ற தாவரவியலாளர் திரும்பவும் சிட்ரஸிலேயே சேர்த்துவிட்டார். மைக்ரோவாம்! இதன் உறவுக்காரச் செடியான ஃபிங்கர் லைமின் இலை விரல்நகம் அளவுதான், இதன் இலையோ என் உள்ளங்கை நீளம்.

சரி, வாங்கி வந்த ஒட்டுக்கன்றைக் கிட்டத்தில் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஆரஞ்சு இலைக்கடியில் சின்ன இறக்கை மாதிரி இருக்குமே, அது இதில் இல்லை. கணுவுக்கு ஒரு முள்தான் இருக்கும் என்று நினைத்துக் காம்பைப் பிடித்தேன், இரண்டாக இருந்தது, கட்டைவிரல்தான் பலி. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசியால் குத்தியதுபோல் மினுங்குகின்றன.

எலுமிச்சைதானே, வெயில் வேண்டும் என்று முதல் வாரமே மொட்டை வெயிலில் வைத்தது என் தப்பு. பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகிய ஜாதி இது. நான்கு இலைகள் ஓரம் கருகிய பிறகுதான் புத்தி வந்தது, இப்போது மாமரத்துக்கடியில் இருக்கிறது. காட்டிலும் அதற்கு நிழல் குறைந்துகொண்டுதான் வந்திருக்கிறது, அந்தத் தாழ்நிலக் காட்டில் பெரும்பகுதியைக் கரும்புக்காக வெட்டிவிட்டார்கள். பபிண்டாவுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கரும்புதான் தெரியும்.

இன்னும் பூக்கவில்லை. பூத்தால் முதல் வேலையாக மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். பெய்லியை நம்பாமல் இல்லை, இருந்தாலும்.