பொத்தான் கோத்த செபமாலை

அப்பாயிக்கு முதல் வருடப் பூசை வைத்து முடித்த மறுவாரம், அப்பா அப்பாயியின் செபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்துடலாமா தாயி?” என்றார். நவம்பர் மாதம். கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையில் வைத்த பூமாலை இன்னும் முழுசாகக் காயவில்லை. சரி என்று கிளம்பிவிட்டோம்.

தஞ்சாவூரில் பஸ் ஏறினோம். திருவாரூர், கீவளூர் என்று போகிற அதே சாலையில்தான் அப்பாயி நடந்து போகும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டிக் காவிச் சேலை கட்டிக்கொண்டு, ஊர்ச் சனத்தோடு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பார்த்து, 8ஆம் தேதி மாதா பிறந்தநாள் பூசை கண்டுவிட்டுத்தான் திரும்பும். வழியில் எந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள், எந்தத் திண்ணையில் படுக்க இடம் விட்டார்கள் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். கொடுத்தவர்களில் பாதிப் பேர் இந்துக்கள், ஒரு முஸ்லிம் வீடும் உண்டு. ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லி முடித்ததும் அந்த வீடுகளையெல்லாம் பேர் சொல்லி மாதாவிடம் ஒப்புக்கொடுக்கும். சின்ன வயதில் எனக்குத் தூக்கம் தள்ளும், அந்தப் பட்டியல் முடியவே முடியாது.

மோர் என்றால் அப்பாயிக்குத் தனிப் பிரியம். தாத்தா இருபத்தெட்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, தலையில் சும்மாடு, அதன்மேல் மோர்ப்பானை என்று தெருத்தெருவாக விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தது. அதனால்தான் வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையன் கதையை அப்பாயி சொல்லும்போது, அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை போலவே இருப்பான். மாதா குழந்தையோடு வந்து மோர் கேட்கிறாள், அவன் கொடுக்கிறான். நாகப்பட்டினத்துக்குப் போய் அங்கே இருக்கும் பணக்காரரிடம் தனக்கு ஒரு கோவில் கட்டச் சொல் என்கிறாள். நடக்க முடியாதவன் எழுந்து ஓடுகிறான். இந்த இடம் வந்ததும் அப்பாயி கதையை நிறுத்திவிட்டு அப்பாவின் இடது காலைப் பார்க்கும்.

அப்பாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். ஒன்பது நாள் காய்ச்சல், பிழைப்பானா என்பதே சந்தேகம். பிழைத்தால் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறேன் என்று அப்பாயி நேர்ந்துகொண்டது. இருபத்து மூன்றாம் அருளப்பர் பாப்பரசர் 1962இல் வேளாங்கண்ணிக் கோவிலைப் பசிலிக்கா என்கிற பேராலயமாக உயர்த்தி ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்த நேரம் அது. நேர்ந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து, தகட்டில் அடித்த கால் ஒன்றைக் காணிக்கையாகப் போட்டது. கால் சரியாகவில்லை. அப்பா இன்றைக்கும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். ஆனாலும் உடம்பு இடம் கொடுத்தவரை அப்பாயி ஒரு வருடம்கூட நடைப்பயணத்தை விட்டதில்லை. “இத்தனை வருசம் நடந்து என்னத்தைக் கண்ட?” என்று யாரோ கேட்டதற்கு, “காலைக் கேட்டேன், மாதா ஆளையே குடுத்துச்சே. அது போதாதா?” என்றதாம். அப்பா இதைச் சொல்லும்போது பஸ் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோவிலில் கூட்டம் அதிகமில்லை. பட்டுச் சேலையில், கையில் குழந்தையோடு பீடத்தில் நிற்கிற மாதாவை நிதானமாகப் பார்க்க முடிந்தது. மெழுகுதிரி வைத்தோம். பூசையில் எல்லோரோடும் சேர்ந்து நிற்கும்போது, பக்கத்தில் அப்பாயி இல்லாதது எனக்குக் காதில்தான் தெரிந்தது. ஊரே “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று சொல்லும்போது, அப்பாயி மட்டும் பழைய மந்திரத்தை, “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று முணுமுணுக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. சிறு பிள்ளையில் உபதேசியார் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தது. “புது மந்திரமும் நல்லாத்தான் இருக்கு கண்ணு, ஆனா மாதாவுக்கு என் குரல் இதுலதான் பழக்கம்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறது. அது ஒரு நாளும் எனக்கு அறியாமையாகப் பட்டதில்லை.

பூசை முடிந்து பின்பக்க மணல் பாதைக்கு வந்தோம். அங்கிருந்து பழைய மாதா குளம் வரைக்கும் முழங்காலில் போவது அப்பாயியின் வழக்கம். அப்பாயிக்காக ஒரு நாள் நானாவது போக வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். மழை பெய்து மணல் ஈரமாக இறுகிக் கிடந்தது. முட்டியில் சிப்பித் தூள் குத்தியது. பாதி தூரத்துக்குள்ளேயே தொடை நடுங்க ஆரம்பித்தது. எழுபது வயதுக்கு மேலும் இதை எப்படிச் செய்தது என்று தெரியவில்லை. அப்பாவால் முழங்கால் போட முடியாது என்பதால் பக்கத்தில் மெல்ல நடந்தபடி செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

மரமணிச் செபமாலை. கை பட்டுப் பட்டு மணிகள் புளியங்கொட்டை போல வழவழப்பாகிவிட்டன. மூன்றாம் பத்து மணி வரிசையில் ஒரு மணி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் நாலு ஓட்டைச் சட்டைப் பொத்தான் ஒன்றை அப்பாயி கோத்து வைத்திருந்தது. பொத்தான் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். “என் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான்டா இது. இது வந்தா அம்மா ஒரு நொடி நிக்கும். என்ன வேண்டிக்கிச்சுன்னு ஒருநாளும் சொல்லல” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று பழைய மந்திரத்தில் தொடங்கினார். பின்பாதியைப் பழைய சொல்லில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே…” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முழங்காலில் வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி. எந்த ஊரோ. கண்ணை மூடியபடி, எங்களைப் பார்க்காமலே, முழுசாகச் சொல்லி முடித்தார். அப்பா அடுத்த மணிக்குப் போனார். குளம் வரைக்கும் அப்படியே போனோம். முன்பாதி அப்பா, பின்பாதி அந்தப் பாட்டி, நடுவில் நான்.

குளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். செபமாலையை நனைத்து, பொத்தானில் ஒட்டியிருந்த மணலை அப்பா சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி தூறல் போட்டது. பாட்டியிடம் குடை இல்லை. “வாங்கம்மா” என்று அப்பா எங்கள் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.