பத்து டிகிரியின் மதிப்பு

செயற்கைக்கோள் கருவிகளுக்குத் தெர்மல் மாடல், அதாவது எந்தப் பகுதி எவ்வளவு சூடாகும் என்று சொல்லும் கணக்கு, போடுவது என் வேலை. மேலே காற்று கிடையாது, அதனால் வெப்பச்சலனம் கணக்கிலேயே வராது. கடத்தலும் கதிர்வீச்சும்தான் மிச்சம். புதிதாகச் சேருகிறவர்கள் கடத்தலுக்கான ஃபூரியர் விதியையும் கதிர்வீச்சுக்கான ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியையும் தடுமாறாமல் சொல்கிறார்கள். முதலாவதில் வெப்பநிலை வித்தியாசம், இரண்டாவதில் வெப்பநிலையின் நான்மடி, அதாவது நான்காம் அடுக்கு. அந்த நான்மடி என்ன செய்யும் என்பது எண்களைப் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

10 சென்டிமீட்டர் நீளம், 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பில் ஒரு 6061 அலுமினியத் தண்டு. இரு முனைக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் சுமார் 1.7 வாட் கடத்தும். அறை வெப்பநிலையிலிருந்து 150 கெல்வினுக்கு இறங்கினால் அந்த எண் கொஞ்சம் குறையும், பல மடங்கு மாறாது. இப்போது எதிரெதிரே இரண்டு கரிய தகடுகள். ஒன்று 310 கெல்வின், மற்றது 300. சதுர மீட்டருக்குச் சுமார் 64 வாட் போகும். அவற்றையே 160-க்கும் 150-க்கும் இறக்கினால்? வித்தியாசம் அதே பத்துதான், போவதோ எட்டரை வாட். அறை வெப்பநிலைக்குப் போட்ட நேர்கோட்டுத் தோராயத்தைக் குளிர்நிலைக் கணக்குக்கும் அப்படியே எடுத்துப்போவதை நான் அனுமதிப்பதில்லை. கடத்தலுக்குச் செல்சியஸே போதும், வித்தியாசம் மாறாது. கதிர்வீச்சுக்குக் கெல்வின் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

இன்னொரு வேறுபாடு மாடலின் உருவத்திலேயே தெரியும். கடத்தல் அண்டை வீட்டோடு மட்டும் பேசும். கதிர்வீச்சு கண்ணில் படுகிற எல்லாரோடும் பேசும். 100 பரப்புகள் ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் 4950 ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் வியூ ஃபேக்டர் வேண்டும், அதாவது ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் எவ்வளவு பங்கு மற்றதில் போய் விழும் என்ற எண். கணினி அதைப் போட்டுத் தந்துவிடும் என்பதால் இந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு கவலை இல்லை.

கவலையெல்லாம் வேறு இடத்தில். கடத்தலில் உலோகத்தின் மதிப்பு கையேட்டிலேயே இருக்கிறது. நம்ப முடியாதது இணைப்பு. போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு தகடுகள் உண்மையில் சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. தரையில் இடைவெளியை நிரப்பும் காற்று கொஞ்சம் வெப்பத்தைக் கடத்தும், வெற்றிடத்தில் அந்த உதவியும் போய்விடும். அழுத்தம், மேற்பரப்பின் சொரசொரப்பு, நடுவில் வைக்கும் இன்டர்ஃபேஸ் ஷீட் எல்லாமே அந்த எண்ணை மாற்றும்.

கதிர்வீச்சில் சிக்கல் பூச்சில். ஒரு பரப்பு முழுக் கரிய பரப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு கதிர்வீசும் என்ற விகிதம்தான் எமிசிவிட்டி. கறுப்புப் பெயின்டுக்கு அது 0.9-ஐ ஒட்டி வரும், பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.05 அளவில். வெள்ளைப் பெயின்டோ புற ஊதாக் கதிரில் வருடக்கணக்காகக் கிடந்து மங்கி, சூரிய ஒளியை மேலும் மேலும் உறிஞ்சத் தொடங்கும். அதனால்தான் அதிகபட்சச் சூட்டைப் பார்க்கும் கணக்கில் ஆயுள் முடிவின் மதிப்பைப் போடுகிறோம்.

வெற்றிட அறைச் சோதனை முடிந்து, அளந்ததும் மாடல் சொன்னதும் ஒட்டாதபோது, நான் முதலில் இணைப்புகளின் கண்டக்டன்ஸைத்தான், அதாவது அவை வெப்பத்தைக் கடத்தும் திறனைத்தான், சந்தேகிப்பேன். அப்புறம்தான் கருவியைச் சுற்றி வெப்பத்தைத் தடுக்கப் போர்த்தும் பல அடுக்குப் போர்வையின் தையலும் ஓரங்களும். எமிசிவிட்டியை மாதிரித் துண்டில் அளந்திருக்கிறோம், அதனால் அதைத் தொடுவதில்லை. வளைகோடு பொருந்த வேண்டும் என்பதற்காக அளந்த எண்ணை நகர்த்தினால் அந்தச் சோதனைக்கு மட்டும் சரியாக வரும்; 150 கெல்வினில் அந்த மாடல் சொல்வதை நம்பி ஹீட்டரின் அளவை முடிவு செய்ய முடியாது.