"சான்ஸ் எத்தனை பர்சன்ட்?"

எங்கள் வீட்டில் பல்கலைக்கழக இடம் என்றால் கூட்டல் பெருக்கல்தான். நான் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பை முடித்து, மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான யூபியூ வழியாக விண்ணப்பித்தபோது பிஎன்ஜிகே, அதாவது நான்குக்கான மொத்தச் சராசரிப் புள்ளி, 3.92. அதை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 88.2. விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாட நடவடிக்கைக்குப் பத்துக்கு ஒன்பது. ஆக மெரிட் 97.2. ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய சராசரி மெரிட் யூபியூ தளத்திலேயே இருக்கும். மருத்துவம் மாதிரி சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வு குறுக்கே வரும். மற்றபடி நம்முடையது கூடவா, குறைவா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

தம்பி கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஏ-லெவல் என்ற பிரிட்டிஷ் முன்படிப்பு படித்தான். வெளிநாட்டில் பொறியியல் படிக்க வேண்டும் என்றான். "எஸ்பிஎம்மில் எல்லாமே ஏ, எங்கே போட்டாலும் கிடைக்கும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். எஸ்பிஎம் என்பது இங்கே பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. ஓர் ஏஜென்ட், விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் தர ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டு, "எழுபது பர்சன்ட் நிச்சயம்" என்றார். எந்தக் கணக்கில் எழுபது என்று கேட்டேன். அனுபவம் என்றார். காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன். பெரிய எழுத்தில் போடுகிற சதவீதம் நமக்கானது இல்லை. 2024ல் சேரும் வகுப்புக்கு ஹார்வர்டில் சுமார் 54,000 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 1,900 பேருக்குச் சற்று மேல். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அதிலும் அமெரிக்க மாணவர்கள், விளையாட்டுக்காக எடுக்கப்படுகிறவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அடக்கம். எம்ஐடி வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையைத் தனியாக வெளியிடுகிறது. மொத்தத்தில் நாலரை சதவீதம் என்றால், நம் வரிசையில் ஏறக்குறைய இரண்டுதான்.

அந்த வரிசையையும் பணம் இரண்டாகப் பிரிக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டாலும் அது தேர்வைப் பாதிக்காது. ஸ்டான்ஃபோர்ட் உட்படப் பெரும்பாலான இடங்களில் பாதிக்கலாம். அப்பாவின் சம்பளத்துக்கு உதவி கேட்காமல் முடியாது. இந்த ஒரு கேள்வியிலேயே தம்பியின் பட்டியலில் பாதி போய்விட்டது. இதை முதலிலேயே கேட்கச் சொல்லும் ஆலோசகர் யாரையும் நான் பார்க்கவில்லை.

பிரிட்டன் கொஞ்சம் தெளிவு. கேம்பிரிட்ஜ் பொறியியலுக்கு வழக்கமாகக் கேட்பது இரண்டு ஏ-ஸ்டார், ஒரு ஏ. அதோடு ஈசாட் என்ற நுழைவுத் தேர்வு. அக்டோபர் 15 கெடு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போட முடியாது. படிப்புவாரியாக எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் என்பதும் வெளியாகிறது. ஆனால் பொறியியல் கட்டணம் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல். ஜேபிஏ என்ற அரசுத் துறை, பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனம், மத்திய வங்கியான பேங்க் நெகாரா என்று யாராவது உபகாரச் சம்பளம் தந்தால்தான் உண்டு. ஒரு பேச்சுக்கு, இடம் கிடைக்க ஐந்தில் ஒன்று, உபகாரச் சம்பளம் கிடைக்கப் பத்தில் ஒன்று என்று வைத்தேன். இரண்டும் சேர்ந்து கிடைக்க ஐம்பதில் ஒன்று. "சரிம்மா, அப்போ இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது" என்றார் அப்பா.

அமெரிக்க விண்ணப்பத்தில் இன்னொரு சிக்கல். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் பத்து நடவடிக்கைகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான். தம்பி சான்றிதழ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாநில அளவு, மாவட்ட அளவு என்று அதே வரிசையில் நிரப்பினான். செந்தூலில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தானே, அதைக் காணோம்.

"அதுக்கு சர்ட்டிஃபிகேட் இல்லையேக்கா."

புறப்பாடப் புள்ளியை எண்ணியே வளர்ந்த பிள்ளை வேறெப்படி யோசிப்பான்! அதை முதல் வரிக்குக் கொண்டுவந்தோம். எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடம், வெள்ளைப் பலகையை யாரிடம் இரவல் வாங்கினான் என்பதெல்லாம் 150 எழுத்துக்குள் அடங்க வேண்டும். வெள்ளைப் பலகை அடங்கவில்லை.

பட்டியலின் அடியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே படிப்புவாரியாக, சேர்ந்தவர்களை நூறு பேராக வைத்துக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் 10வது ஆளின் மதிப்பெண்ணும் 90வது ஆளின் மதிப்பெண்ணும் வெளியாகின்றன. அது சிங்கப்பூர் ஏ-லெவல்காரர்களுடையது, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எதற்குக் கீழே போனால் கஷ்டம் என்று பிடிபட்டது.

அமெரிக்க முடிவுகள் மார்ச் கடைசியில், நம் நேரப்படி காலை ஏழு மணிக்கு வந்தன. எல்லா இடத்திலிருந்தும் "இல்லை" என்றுதான் பதில். தம்பி பல் துலக்கிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். பிரிட்டனில் ஓர் ஆஃபர் வந்தது, உபகாரச் சம்பளம் நேர்முகத்தோடு நின்றுவிட்டது. சிங்கப்பூர் கிடைத்தது. டியூஷன் கிராண்ட் என்ற சிங்கப்பூர் அரசின் கட்டண மானியத்தை எடுத்தால் படித்து முடித்தபின் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்ய வேண்டும். தம்பிக்கு அதில் வருத்தமில்லை, அம்மாவுக்குத்தான். ஜாமீன் கையெழுத்துக்குப் பெரிய மாமா ஒத்துக்கொண்டுவிட்டார். ஹாஸ்டல் விண்ணப்பத்துக்கு அடுத்த வாரம் கெடு.