நடந்ததை வாசி

ஏப்ரல் 16

கண் ஆபரேஷன் முடிந்து வாப்பா குனிந்தபடியே இருக்க வேண்டும், பொழுது போக நான் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்குக் கதை வேண்டாமாம். அலமாரியில் கிடந்த நாவலை எடுத்து இரண்டு பக்கம் வாசித்திருப்பேன், கட்டில் விளிம்பிலிருந்து குரல் வந்தது. "இது நடந்ததா?" இல்லை வாப்பா, கதை. "அப்போ வேணாம் புள்ள. நடந்ததை வாசி."

வீட்டில் நடந்தது என்று இருப்பவை: முதல் பக்கங்கள் போன கலாம் சுயசரிதை, மச்சான் விட்டுப்போன போட்டித் தேர்வு கையேடு, ஹதீஸ் மொழிபெயர்ப்பு இரண்டு பாகம், பையனுடைய சமூக அறிவியல். கலாம் வேண்டாம், அவங்க வாப்பா படகு கட்டியதும் புயல் அதைக் கொண்டு போனதும் எனக்கு மனப்பாடம் என்றுவிட்டார்.

ஏப்ரல் 17

நூலகம் போனேன். பாதி அலமாரி தேர்வுப் புத்தகம். மீதியில் பாதி 'நீயும் ஜெயிக்கலாம்' வகை. அதற்கப்புறம் தலைவர்கள் வரலாறு, எல்லாத் தலைவரும் சின்ன வயதிலேயே உண்மை பேசுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் நல்லதும் இருக்கிறது, ஆனால் அது எங்கே என்று அந்த நூலகர் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று எடுத்தேன்: ராமேஸ்வரம் தீவு பற்றி ஒன்று, எறும்பு பற்றி ஒன்று (பையன் படத்தைப் பார்த்து எடுத்தது), மனித உடல் பற்றி ஒன்று. உடல் புத்தகத்தை வாப்பாவிடம் காட்டவில்லை.

ஏப்ரல் 18

"நம்ம பக்கத்தைப் பத்தி என்ன எழுதியிருக்கான்? அதை முதல்ல வாசி."

வாசித்தேன். 1964 புயலில் ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்ததாம். வாப்பா தலையைத் தூக்கியே விட்டார், உம்மா ஓடி வந்து பிடரியைப் பிடித்து அமுக்கினார்கள். ரயில் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போய்விட்டது, தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும் இடத்தில்தான் அலை அடித்தது. டிசம்பர் 22 ராத்திரி. பாலமும் அதே புயலில் போனது, அது வேறு விஷயம். கர்டர்கள் பெரும்பாலும் கடலில் விழுந்துவிட்டன, நடுவில் திறக்கும் தூக்குப் பாலம் மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் திரும்பக் கட்டிக் கொடுத்தார். இதெல்லாம் வாப்பா தரையைப் பார்த்தபடியே சொன்னது. அப்போது அவர் சின்னப் பையன்.

புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். "தெரிஞ்ச இடத்துலயே இப்படி எழுதுறவன், தெரியாத இடத்துல என்னத்தை எழுதியிருப்பான்?"

எனக்கு இது பிடித்துப் போயிற்று. இனி எந்தப் புத்தகமானாலும் நமக்குத் தெரிந்த ஒரு பக்கத்தை முதலில் தேடிப் பார்ப்பது. கடல், சங்கு, காற்று, உப்பு, கருப்பட்டி, ஏதாவது ஒன்று.

ஏப்ரல் 19

சொட்டு மருந்து. வாசிப்பு இல்லை. யாருடனும் யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 21

தெரிந்த பக்கத்தை எப்படித் தேடுவது? புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருந்தால் 'சங்கு' என்று பார்த்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். தமிழில் பெரும்பாலும் கிடையாது. முந்நூறு பக்கம், நானூறு ரூபாய், கடைசிப் பக்கத்தில் அதே பதிப்பகத்தின் மற்ற நூல்களுக்கு விளம்பரம். கதைக்கு வேண்டாம், கவிதைக்கு வேண்டாம், வரலாற்றுப் புத்தகத்துக்கு, மருத்துவப் புத்தகத்துக்கு எப்படி இல்லாமல் போகும்? எழுதியவர் பத்து வருடம் உழைத்திருப்பார், இன்னொரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. காகிதம் கூடும், விலை கூடும் என்பார்கள். முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை என்று இருபது பக்கம் போகிறதே, அதில் மிச்சம் பிடிக்கக் கூடாதா?

இன்று நூலகத்தில் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருவர் நான் பைத்தியமா என்பது போல் பார்த்தார். இருந்தவை ஐந்தாறுதான். அதில் ஒன்றில் நம் ஆட்கள் சொல்லும் ஆண் கடல், பெண் கடல் சரியாகப் போட்டிருந்தது. பாக் விரிகுடா பெண், மன்னார் வளைகுடா ஆண். எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23

இப்னு பதூதா!

மெல்லிய தமிழாக்கம்தான், சொல்லடைவு இல்லை, ஆனாலும் மன்னித்தாயிற்று. 14ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய மொராக்கோக்காரர். இலங்கையிலிருந்து நம் கரைக்கு வருகிறார், காற்று ஏறுகிறது, வழி தெரிந்த மாலுமி இல்லை, கப்பல் பாறையை ஒட்டிப் போய்க் கடைசியில் ஆழமில்லாத இடத்தில் தட்டி நிற்கிறது. சாமானைக் கடலில் எறிகிறார்கள், பாய்மரத்தை வெட்டுகிறார்கள், பலகைகளைக் கட்டி ஆட்களை இறக்குகிறார்கள். இவருக்கு நீச்சல் அவ்வளவாக வராது, ராத்திரி முழுக்கக் கப்பலிலேயே இருக்கிறார். விடிந்ததும் கரையிலிருந்து ஆட்கள் படகில் வந்து கூட்டிப் போகிறார்கள்.

"எந்தப் பார் புள்ள? எந்தப் பார்ல தட்டுச்சு?"

கடலடிப் பாறைத் திட்டைத்தான் பார் என்கிறார். புத்தகத்தில் இல்லை வாப்பா.

"காத்து எங்கிருந்து அடிச்சதுன்னு போட்டிருக்கானா?" அதுவும் இல்லை. அவரே கணக்குப் போட ஆரம்பித்தார். மேற்கிலிருந்து வரும் கச்சான் என்றால் இந்த இடம், கிழக்கிலிருந்து வரும் கொண்டல் என்றால் அந்த இடம். மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு வரைக்கும் ஓடியது. கண் பேச்சே இல்லை. அப்புறம் மதுரை சுல்தான் செய்த கொடுமைகள் வரும் பக்கம் வந்தது, கொஞ்சம் வாசித்ததும் போதும் என்றார். நடந்ததுதானே வேண்டும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஏப்ரல் 24

காக்கா, என் அண்ணன், போன் பண்ணினார். உம்ராவுக்கு மக்கா போக டிக்கெட் எப்போது போடலாம் என்று திரும்பவும். விழித்திரை ஒட்டுவதற்காக ஆபரேஷனில் கண்ணுக்குள் விட்டிருக்கும் காஸ் கரைகிற வரைக்கும் விமானம் ஏறக் கூடாது, மேலே போனால் அழுத்தம் குறைந்து காஸ் விரியும், கண் போய்விடும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். உடல் புத்தகத்தில் விழித்திரைக்கு ஒன்றரைப் பக்கம். அது பிய்வதைப் பற்றி ஒரு வரி. ராத்திரி அந்த வரியையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 26

"இதுவும் சுஜூதுதான். எழும்பத்தான் முடியல." தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதைச் சொல்லி வாப்பா சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 28

நேற்றும் இன்றும் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தமிழ் வாத்தியார் கதை எனக்கெதுக்கு என்றுதான் வாப்பா தொடங்கினார். கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் ராமசாமி முதலியாரை இவர் போய்ப் பார்க்கிற இடம், 21-10-1880. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முன்சீப் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற தினுசில் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சைவ மடத்தில் படித்தவர், அது சமண நூல். அப்புறம் அதைப் புரிந்துகொள்ளச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுக் கற்று, 1887இல் பதிப்பிக்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது முன்சீப்தான். நமக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து 'அது சரி, வேறென்ன' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் வாப்பா என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவரும் கடலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். தெரிந்த பக்கத்தை வைத்துப் புத்தகத்தைச் சோதிக்கலாம். தெரிந்த பக்கம் உள்ள புத்தகத்தை மட்டுமே வாசிப்பது என்றால் கீழக்கரையை விட்டு வெளியே போகவே மாட்டோம்.

அதனால் புது ஏற்பாடு: ஒரே அலமாரியில் அடுத்தடுத்து எடுப்பதில்லை. வரலாறு என்றால் அடுத்தது செடி, செடி என்றால் அடுத்தது கணக்கு.

உ.வே.சா. 1942இல் இதே ஏப்ரல் 28இல்தான் இறந்தார். சரித்திரம் பாதியில் நிற்கிறது.

மே 2

சண்டை. மெல்லுடலிகள் பற்றிய புத்தகம், சொல்லடைவு உண்டு, படங்கள் நன்றாக இருக்கின்றன. 'சங்கு' தேடி வாசித்தால், வலம்புரியை இடப்பக்கம் சுழல்வது என்று போட்டிருக்கிறது. கிட்டங்கியில் சங்கு பிரித்தே வாழ்ந்தவரிடம் இதைப் போய் வாசித்தால்? "தூக்கிப் போடு." சாப்பாடு வேண்டாமாம்.

மே 5

மூன்று நாளாக அதே யோசனை. எழுதியவர் விலங்கியல் படித்தவர், மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. வளையல் அறுக்க நம் சங்கு வங்காளத்துக்குப் போவதைச் சரியாக எழுதியிருக்கிறார், 1914இல் ஹார்னல் என்ற மீன்வளத் துறை வெள்ளைக்காரர் நம் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதியதையும் சொல்கிறார். அப்படிப்பட்டவர் இதிலா தவறுவார்?

மேசையில் இருந்த சாதாரணச் சங்கை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். சுருள் நுனி மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் தெரிகிறது. அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இடப்பக்கம்! விலங்கியல்காரர்கள் எந்தச் சங்கையும் சுருள் நுனியை மேலே வைத்துத்தான் பார்ப்பார்கள். நம் ஆட்கள் நுனியைக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். வலம்புரிக்கும் அப்படியே, அவர்களுக்கு இடம், நமக்கு வலம்.

வாப்பா கையில் சங்கைக் கொடுத்தேன். குனிந்தபடியே விரலால் தடவித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம். "அவன் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு எழுதியிருக்கான். சரி, மேல வாசி."

ரயில் புத்தகத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றார். உண்மைதான், ரயிலை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் பாலத்திலிருந்து விழாது.

மே 8

மதுரை ஆஸ்பத்திரி. வாப்பா இனி நிமிரலாம்.

மே 13

காலையில் வாப்பா கேட்டது: கண்ணுக்குள் ஒரு கோடு தெரிகிறது, தண்ணீர் மட்டம் மாதிரி ஆடுகிறது, கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது, கீழே கலங்கல். காஸ் என்றால் மேலேதானே மிதக்கும், எனக்கு ஏன் கீழே தெரியுது?

இத்தனை நாளாகக் கண் புத்தகமே வேண்டாம் என்றவர். உடல் புத்தகத்தைக் கொண்டு வந்தேன், ஒன்றரைப் பக்கத்தில் பதில் இல்லை. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரன் பார்த்துத் தொகுத்தது, பத்துத் தொகுதி, முதல் தொகுதி 1954. அது இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கிறது. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்து, அங்கிருந்து வேறு இரண்டு இடம் போய், ராத்திரி பத்து மணிக்கு ஒருவழியாக விளங்கியது. விழித்திரையில் எல்லாமே தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் நிமிர்த்திக் கொள்கிறது. மேலே மிதக்கும் காஸ் விழித்திரையின் மேல் பாதியை மறைக்கிறது, ஆகவே மூளைக்கு அது கீழே.

பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒளி பற்றிப் பெரிய நூல் எழுதியவர், கண்ணுக்குள் படம் தலைகீழாக விழும் என்பதை மட்டும் ஏற்கவில்லை. 1604இல் கெப்ளர்தான் அதைத் துணிந்து சொன்னார். வாப்பா இதைக் கேட்டு, "ஹைதமுக்கு இந்த ஆபரேஷன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் இத்தனை நாள் அலமாரியை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி வந்தால் அது தானாகவே நாலு அலமாரிக்கு இழுத்துப் போகிறது. ஆனால் கேள்வி வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது.

மே 14

கோடு இறங்கியிருக்கிறதா என்று இன்று பத்துத் தரம் கேட்டிருப்பேன். அதட்டினார்.

மே 19

நூலகர் அக்கா ரங்கநாதன் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது வரைக்கும் வாப்பா தலையாட்டினார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. "எனக்கு மிச்சப்படுத்தி என்ன செய்ய? நேரம்தான் கொட்டிக் கிடக்கே."

என் கட்சி ரங்கநாதன் பக்கம்தான். சொல்லடைவு போடாதவர்களுக்கெல்லாம் இந்த நான்காவது விதியை அனுப்பி வைக்க வேண்டும்.

மே 23

எறும்பு புத்தகத்தைப் பையன் முடித்துவிட்டான். நூலகத்தில் அபராதம்.

மே 27

வீட்டுக்காரர் துபாயிலிருந்து போன். எவ்வளவு செலவு, புத்தகம் வாங்கினாயாமே என்று. இரண்டே இரண்டு, ஒன்று நிலநடுக்கம், இன்னொன்று கணக்கு. கணக்கு வாப்பாவுக்கு ஒட்டவில்லை, நான் மட்டும் ராத்திரி வாசிக்கிறேன், பாதி புரியவில்லை. புரியாத பாதிக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? செலவைச் சொல்லி முடித்தேன்.

ஜூன் 2

கோடு போய்விட்டது. இப்போது கீழே ஒரு உருண்டை, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாம், குனிந்தால் நடுவுக்கு வருகிறதாம். மற்றதெல்லாம் தெரிகிறது என்கிறார். என் முகம் தெரிகிறதா என்றால் தெரிகிறது என்கிறார், காலண்டரில் தேதி கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

ஜூன் 4

நாளை விடியக் காலை பஸ். மதுரையில் எப்படியும் மத்தியானம் வரை உட்கார வேண்டும். வாப்பா நிலநடுக்கத்தைப் பையில் வைக்கச் சொல்கிறார், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஊர் இடியறதையா வாசிப்பீங்க என்று உம்மா. நான் பனை பற்றிய புத்தகத்தை எடுத்து வைத்தேன், சாயல்குடிக் கருப்பட்டி வரும் பக்கத்தை ஏற்கனவே சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது. வாப்பா அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நிலநடுக்கத்தைத் திணித்திருக்கிறார். இரண்டும் போகாது, சொட்டு மருந்து டப்பாவும் ரிப்போர்ட்டும் இருக்கிறது. பெரிய பையைத் தேட வேண்டும்.